வாயே இல்லாத புழு, தெரியுமா?

நாடாப்புழுவுக்கு வாய் கிடையாது, தெரியுமா? வயிறும் குடலும்கூடக் கிடையாது! நம் குடல் சுவரில் தலையைப் பொருத்திக்கொண்டு, நாம் செரித்து வைத்ததைத் தோல் வழியாகவே உறிஞ்சி மீட்டர் கணக்கில் வளர்ந்துவிடும்.

பன்றி நமக்குத் தந்த பீடை என்றுதானே நினைக்கிறோம்? 2001இல் எரிக் ஹோபெர்க் குழு இந்தப் புழுக்களின் வம்சாவளியை ஆராய்ந்து சொன்னது நேர் எதிர்! ஆப்பிரிக்காவில் சிங்கமும் கழுதைப்புலியும் தின்ற அதே இரையை நம் முன்னோர் தின்ற காலத்திலேயே அவை நம்மைத் தொற்றிவிட்டனவாம். மாட்டையும் பன்றியையும் கட்டி வளர்த்தது வெகுகாலம் கழித்துத்தான். ஆக, பன்றிக்குக் கொடுத்தவர்களே நாம்தான்!

1855இல் ஜெர்மன் மருத்துவர் ஃப்ரீட்ரிக் கூக்கன்மைஸ்டர், மரண தண்டனைக் கைதி ஒருவரின் சாப்பாட்டில் பன்றி இறைச்சியிலிருந்த கட்டிகளை அவருக்குத் தெரியாமல் கலந்தார். தண்டனைக்குப் பின் உடலை அறுத்தால், குடலில் குட்டி நாடாப்புழுக்கள்! பன்றியின் கட்டியும் மனிதரின் புழுவும் ஒரே உயிர் என்பது அப்படித்தான் உறுதியானது. கொடுமையான வழி, அன்றே கண்டனமும் எழுந்தது.

பன்றிக்கறி தின்றால் புழு மூளைக்கு ஏறிவிடும் என்பார்கள். இல்லவே இல்லை! வேகாத கறியால் வருவது குடல் புழு. மூளையில் கட்டியாகி வலிப்பைத் தருவது முட்டையிலிருந்து வரும் இளம்புழு. அந்த முட்டை வெளியேறுவதோ, குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில். கழுவாத கை, கழுவாத கீரை, அது போதும். பரம்பரைச் சைவர்களுக்கும் இந்த வலிப்பு வருவது இதனால்தான்!

இந்த வலிப்பின் கதையில் நம் வேலூருக்குப் பெரிய இடம் உண்டு. ஒருகாலத்தில் வலிப்போடு வந்தவரின் ஸ்கேனில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால், காசநோய்க் கட்டி என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். சிஎம்சி மருத்துவமனையின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலானோர் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலானவை செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுக் கட்டிகள்! வலிப்பு மருந்தை மட்டும் கொடுத்துக் காத்திருந்தாலே பலருக்கு அது தானாகக் கரைந்துவிடுகிறது. 1989 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளால் எத்தனை பேர் வேண்டாத மருந்திலிருந்தும் வீண் பயத்திலிருந்தும் தப்பியிருப்பார்கள்!

நாயின் குடலில் இன்னொரு நாடாப்புழு உண்டு. அரை சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். ஆனால் அதன் முட்டை மனிதருக்குள் போனால், ஈரலில் லிட்டர் கணக்கில் நீர் கோத்த கட்டி வளரலாம்! ஆட்டுப் பண்ணைகள் நிறைந்த நியூசிலாந்து இதனால் வெகுவாகத் தவித்தது. ஊர் நாய்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, பேதி மருந்து கொடுத்து, வெளியேறியதில் புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். என்ன மருந்து தெரியுமா? அரிக்கோலின்! நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கின் சத்து! பிறகு பிராசிகுவாண்டல் மாத்திரை வந்தது. 2002இல் அந்த நாடு, நோய் நீங்கியதாகத் தற்காலிகமாக அறிவித்தது.

பன்றி நாடாப்புழுவை ஒழிக்க, பெரு நாட்டின் டும்பெஸ் பகுதியில் மனிதருக்கும் பன்றிக்கும் சேர்த்தே மருந்து கொடுத்து, பன்றிக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். 107 ஊர்களில் 105இல் பரவல் நின்றே போனது! அந்தத் தடுப்பூசியைக் கண்டுபிடித்தது மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவுலர்ஸ் குழு. அதை விற்பனைக்குத் தயாரிக்கும் நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? இதோ, ஐதராபாத்தில்!