அழுத்தம் அறியும் எழுதுகோல்

பென்சிலை மெல்லப் பிடித்து வரைந்தால் மெல்லிய கோடு. அழுத்தி இழுத்தால் கருத்துத் தடித்த கோடு. ஓவிய வகுப்பில் நாம் அனைவரும் கண்ட உண்மை இது. ஆனால் கணிப்பொறியின் சுட்டெலிக்கு இவ்வேறுபாடு தெரியாது. பொத்தான் அமுக்கப்பட்டதா, இல்லையா என்பது மட்டுமே அதற்குப் புரியும். இக்குறையைப் போக்க வந்ததே அழுத்தம் அறியும் மின்னணு எழுதுகோல்.

1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தார், பேனா இருக்கும் இடத்தை அறியும் எழுதுபலகை ஒன்றை அமைத்தனர். பின்னர் 1983-இல் ஜப்பானில் தோன்றிய வாக்கோம் நிறுவனம், மின்கலமே தேவைப்படாத பேனாவினால் புகழ் பெற்றது.

மின்கலம் இன்றி அது எவ்வாறு இயங்குகிறது? நாம் அறிவியல் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டலே காரணம். பலகையின் அடியில் கம்பிச் சுருள்கள் வரிசையாக உள்ளன. அவை உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து, பேனாவினுள் இருக்கும் சிறு சுருளும் மின்தேக்கியும் ஆற்றலைப் பெற்று, ஒரு சைகையைத் திருப்பி அனுப்புகின்றன. சைகை எங்கே வலுவாக உள்ளதோ, அங்கே பேனா உள்ளது என்று பலகை அறிகிறது. முனையை அழுத்தும்பொழுது சைகையின் அதிர்வெண் சற்றே மாறுகிறது. அம்மாற்றமே அழுத்தத்தின் அளவு. இன்றைய சிறந்த பேனாக்கள் பல 8192 படிகளாக அழுத்தத்தைப் பிரித்தறிகின்றன. 2-ஐப் பதின்மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், இவ்வெண் கிடைக்கும்!

எனினும், படிகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எல்லோருடைய கையும் ஒன்றுபோல் அழுத்துவதில்லை அல்லவா? சிறுமியின் கை வேறு. மூட்டுவலியால் விரல் நோகும் பாட்டியின் கை வேறு. எனவே எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடித்த கோடு என்பதை நாமே அமைத்துக்கொள்ள வசதி உள்ளது. 'மென்மை' என்று வைத்தால், இலேசாகத் தொட்டாலே முழுக் கோடு விழும். 'கடினம்' என்று வைத்தால், அழுத்தி எழுதுவோர்க்கும் மெல்லிய கோடுகள் கைகூடும். இவ்வமைப்பைத் தொடாமல் விட்டால், மெலிந்த கையினரின் கோடு மங்கிப்போகும்; தடித்த கோடு வேண்டி அவர்கள் மேலும் மேலும் அழுத்துவதால் மணிக்கட்டு வலிக்கும். 'எனக்கு வரையவே வராது' என்று மனம் சோர்ந்து ஒதுங்கவும் கூடும். குறை கையில் அன்று, அமைப்பில்தான்!

அன்புத் தோழியரே! கருவிக்கேற்பக் கை வருந்த வேண்டியதில்லை. கைக்கேற்பக் கருவியைத் திருத்திக்கொள்ளலாம். வலிமை குறைந்த விரலுக்கும் இறைவன் தாலந்தை அளித்திருக்கிறார். அதைப் புதைத்துவிடாமல் வெளிக்கொணர உதவுவதே அறிவியலின் உண்மையான பணியாகும்.