டோஸ் கணக்கு யாரிடம் இருக்கிறது?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால், அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் பெரும்பாலும் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோதான் விரைகிறது. எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் உடனே எக்ஸ்ரே. நோயாளி சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுவார். படம் எடுத்துக் கொடுத்த டெக்னீஷியனோ நாளைக்கும் அங்கேதான் நிற்பார், அடுத்த ஆண்டும் அங்கேதான் நிற்பார்.

எக்ஸ்ரே கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, மணக்காது. அதனால் உடம்பில் எவ்வளவு ஏறியது என்பதைச் சொல்ல ஒரே சாட்சி, சட்டையில் நெஞ்சுப் பக்கம் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ். அதற்குள் இருக்கும் சிறு வில்லைகள், பட்ட கதிரின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சூடாக்கினால், பிடித்து வைத்ததை ஒளியாக வெளிவிடும். அந்த ஒளியை அளந்து டோஸைக் கணக்கிடுகிறார்கள். ஈய ஏப்ரன் போட்டிருந்தால் பேட்ஜ் அதற்கு உள்பக்கம் இருக்க வேண்டும். மேஜை டிராயரில் கிடக்கும் பேட்ஜ், டிராயருக்கு ஏறிய டோஸைத்தான் சொல்லும்.

இந்தியாவில் இதற்கெல்லாம் விதி எழுதுவதும் உரிமம் தருவதும் 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பொதுமக்களுக்கு 1. பதினெட்டு வயது நிரம்பாதவரை இந்த வேலைக்கு வைக்கக் கூடாது.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு கல்பாக்கத்துக்குப் போகலாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் வரும் ஊர்தான். 2003 ஜனவரி 21 அன்று, அங்குள்ள அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் ஊழியர்கள் வழக்கம்போல் மாதிரி எடுக்கப் போனார்கள். எடுக்கப் போனது கதிர்வீச்சு குறைந்த கழிவை. ஆனால் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிகுந்த கழிவு அந்தத் தொட்டிக்குள் வந்திருந்தது. எச்சரிக்க அந்த இடத்தில் கதிர்வீச்சு அளவுமானி இல்லை. மாதிரியைச் சோதித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஆறு பேருக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை ஏறியிருந்தது. ஓர் ஆண்டுக்கான உச்ச வரம்பைப்போல் ஒன்பது முதல் பதினான்கு மடங்கு.

முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று ஊழியர் சங்கம் கேட்டது, போராட்டமும் நடத்தியது. வெளியுலகம் இதை அறிய ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் இருந்தது. அம்மையத்தின் ஆலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு, ஒழுங்குமுறை வாரியத்திடமிருந்து 2000ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டு மையத்திடமே போயிருந்தது. ஆலையை நடத்துபவரே அதன் பாதுகாப்பையும் சோதித்துக்கொள்வது தவறு. அதற்குக் கல்பாக்கத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சரி, நோய் வந்துவிட்டால்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே கதிர்வீச்சால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்களாக இடம்பெற்றன. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவை தொடர்கின்றன. 40 வயதில் அடியோடு வேலை செய்ய முடியாமல் போனவருக்கு, மாதச் சம்பளத்தின் 60 சதவீதத்தை 184.17ஆல் பெருக்கித் தருவது பழைய சட்டத்தின் கணக்கு. 2020இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி பார்த்தால் சுமார் 16.57 லட்சம் ரூபாய். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அந்தத் திட்டத்தின் வழியே பயன் கிடைக்கும்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் காலத்தில் இருக்கிறது. வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தால் கோரலாம் என்றது 1923 சட்டம். கதிர்வீச்சால் வரும் கட்டிப் புற்றுநோய்களோ பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் டெக்னீஷியன் நாலு ஸ்கேன் சென்டர் மாறியிருப்பார். சிலவற்றை இழுத்து மூடியும் இருப்பார்கள். எந்த நாளில் எந்த அறையில் ஏறிய டோஸ் என்று யார் சொல்வது?

பிரிட்டனில் அணு ஆலை நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து 1982இல் ஒரு திட்டம் கொண்டுவந்தன. ஊழியரின் டோஸ் பதிவை வைத்து, இந்தப் புற்றுநோய் வேலையால் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். வாய்ப்பு 20 சதவீதம் இருந்தாலே ஒரு பகுதி இழப்பீடு உண்டு. நீதிமன்றப் படியேற வேண்டாம். அமெரிக்காவும் 2000இல் தன் அணு ஆயுத ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தனிச் சட்டம் இயற்றி, தகுதி பெற்றவருக்கு 1,50,000 டாலர் தருகிறது. இந்தியாவுக்கும் அப்படியொரு திட்டம் வேண்டும். நோய் மெதுவாக வருகிறது என்பதற்காக உரிமை காலாவதியாவது நியாயமில்லை.

அதுவரை கைவசம் இருக்கும் ஆயுதம், 2004ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள். பணியாளரின் டோஸ் பதிவையும் உடல்நலப் பரிசோதனை அறிக்கையையும் ஆண்டுதோறும், அவர் கேட்கும்போதெல்லாம், வேலையை விட்டுப் போகும்போதும் அவரிடம் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அந்த விதிகள் சொல்கின்றன. ஆகவே எக்ஸ்ரே, சி.டி., கேத் லேப், புற்றுநோய்க் கதிர்சிகிச்சை என எந்த அறையில் வேலை பார்ப்பவராக இருந்தாலும், இந்த ஆண்டுக்கான டோஸ் அறிக்கையை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். வேலை மாறினால் பழைய இடத்துப் பதிவைக் கையில் வாங்காமல் வெளியேறாதீர்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.