வீட்டிற்குள் புகும் இரைச்சல்: உறக்கத்தைக் காப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கு அமைதியான பகுதி என்றே பலரும் எண்ணுவர். தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்வோரின் அனுபவம் வேறு. இரவிலும் லாரிகள் செல்கின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை பக்தர்களின் வாகனங்களும் சேர்ந்துகொள்கின்றன. சுற்றுப்புறம் அமைதியாக இருப்பதாலேயே, நள்ளிரவில் ஒலிக்கும் ஒரே ஒரு ஹாரனும் உறங்குபவரை எழுப்பிவிடுகிறது.

உடலில் நிகழ்வது என்ன?

நாம் உறங்கும்போதும் செவி உறங்குவதில்லை. திடீர் ஒலி கேட்டவுடன், நாம் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்கின்றன. இது இரவுதோறும் தொடர்ந்தால் பகல் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு ஆகியன தோன்றும். நீண்டகாலப் போக்குவரத்து இரைச்சலுக்கும் இதய நோய்களுக்கும் தொடர்பு உண்டென ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே இரத்த அழுத்தம் உள்ளோர், முதியோர், குழந்தைகள் ஆகியோரின் உறக்கத்தில் கூடுதல் கவனம் தேவை.

எவ்வளவு ஒலி ஏற்புடையது?

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மிகாதிருப்பது நல்லுறக்கத்திற்கு உகந்தது என உலக சுகாதார நிறுவனம் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியுள்ளது. ஒலி 10 டெசிபல் குறைந்தால், நம் செவிக்கு அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகத் தோன்றும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• படுக்கையைச் சாலையை நோக்கிய அறையிலிருந்து பின்புற அறைக்கு மாற்றுங்கள். செலவில்லாத முதல் வழி இதுவே.
• காற்று நுழையும் இடைவெளி வழியே ஒலியும் நுழையும். கதவு, ஜன்னல் சட்டங்களின் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கதவின் அடி இடைவெளியையும் மூடுங்கள்.
• செங்கல் சுவர் ஒலியை நன்கு தடுக்கும். மெல்லிய ஜன்னல் கண்ணாடியும் தகரக் கூரையும் தடுப்பதில்லை. எனவே முதலில் ஜன்னலைச் சீர்செய்யுங்கள். இயன்றால் தடித்த கண்ணாடியோ, நடுவே இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடியோ பொருத்தலாம்.
• சாலை கண்ணுக்குத் தெரியாதவாறு மறைக்கும் சுற்றுச்சுவர் தரைத்தளத்திற்குப் பயன்படும். ஒற்றை வரிசை மரங்கள் நிழல் தருமேயன்றி ஒலியைப் பெரிதும் குறைக்கமாட்டா.

தெர்மோகோல், முட்டை அட்டை ஆகியவற்றைச் சுவரில் ஒட்டுவதால் வெளி இரைச்சல் குறையாது. அவை எளிதில் தீப்பற்றக் கூடியவை என்பதால் தவிர்க்க வேண்டும்.

எச்சரிக்கை

ஒலியைத் தடுப்பதற்காக வீட்டைக் காற்றே புகாதபடி அடைத்துவிடக் கூடாது. விறகடுப்பு, கரியடுப்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மூடிய வீட்டில் உயிரைப் பறிக்கும். காற்றோட்டமின்மை காசநோய் பரவவும் இடமளிக்கும். சாலைப்பக்க ஜன்னலை மூடினால், எதிர்ப்பக்க ஜன்னலைக் கொசுவலையுடன் திறந்து வையுங்கள்.

பஞ்சு அடைப்பதால் அதிகப் பயனில்லை. பெரியவர்கள் மென்மையான காதடைப்பான்களைத் தூய்மையாகப் பயன்படுத்தலாம். காதில் சீழ் வடிவோர் பயன்படுத்தக் கூடாது.

இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயக்க விதிகள் தடை விதிக்கின்றன. விழாக்களுக்காக, ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்களிக்கலாம். மற்ற நாள்களில் மீறல் இருப்பின் 112 என்ற எண்ணில் காவல்துறைக்குத் தெரிவிக்கலாம்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

உறக்கமின்மை பல வாரங்கள் நீடித்தாலோ, காதில் ரீங்காரம் கேட்டாலோ, பிறர் பேசுவது தெளிவாகக் கேட்காவிட்டாலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மருத்துவரின் ஆலோசனையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்ளாதீர்கள். இரைச்சலால் இழந்த செவித்திறன் பெரும்பாலும் மீள்வதில்லை. வருமுன் காப்பதே வழி.