சேதுவின் காவலர்

நுழையும்முன்

பேரரசுகளின் வரலாறு எளிதில் நினைவில் நிற்கும். அவற்றின் இடையே, சிறு நிலத்தையும் ஒரு கடல்துறையையும் காத்துநின்ற குறுநில மரபுகளின் வரலாறு பலவேளைகளில் கவனம் பெறுவதில்லை. இராமேசுவரம் தீவுக்குச் செல்லும் வழியைக் காக்கும் பொறுப்பிலிருந்து பிறந்து, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்த சேதுபதி மரபின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருவல்லிக்கேணியின் கடற்கரைச் சாலையில் வட்டவடிவ முகப்புடன் ஒரு கட்டடம் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டு கட்டப்பட்டதால் மக்கள் அதனை ‘ஐஸ் ஹவுஸ்’ என்றனர். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்குத் தங்கினார். அதற்குச் சில நாள்களுக்கு முன், சனவரி 26 அன்று, அவர் தமிழ் மண்ணில் கால்வைத்த இடம் பாம்பன். அங்கே அவரை வரவேற்று நின்றவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் அமர்ந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மக்களோடு சேர்ந்து மன்னரும் வண்டியை இழுத்தார் எனத் துறவியின் வாழ்க்கை வரலாறு குறிப்பிடுகிறது.

மன்னர் ஒருவர் வழிப்பயணி ஒருவரின் வண்டியை இழுத்தது வியப்பளிக்கலாம். ஆனால், அம்மன்னரின் முன்னோர் அரசர்களாக உயர்ந்ததே வழிப்பயணிகளைக் காத்ததால்தான்.

தீவும் வழியும்

இராமேசுவரம் தீவையும் பெருநிலத்தையும் பிரிப்பது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலமுள்ள பாம்பன் நீரிணை. தீவின் மறுமுனையான தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் நோக்கி மணல்திட்டுகள் வரிசையாக நீள்கின்றன. இவ்வரிசையே சேது எனப்படுகிறது. இராமாயணத்தோடு இணைத்துப் போற்றப்படும் இவ்விடத்திற்குக் காசியிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் பயணிகள் கால்நடையாக வந்தனர்.

அப்பயணம் எளிதன்று. மறவர் சீமையின் வறண்ட நிலத்தையும் முட்காடுகளையும் கடக்கவேண்டும், குடிநீர் அரிது, கள்வர் அச்சமும் உண்டு. நீரிணையைக் கடக்கத் தோணி வேண்டும். எனவே, வழியில் காவலும் நிழலும் நீரும் சோறும் அளிக்கக்கூடிய ஒருவரே அந்நிலத்தில் உண்மையான அதிகாரம் உடையவராக இருக்கமுடியும். சேதுபதி என்னும் பட்டத்தின் பொருளும் சேதுவின் தலைவர் என்பதே.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், இராமேசுவரப் பயணிகளுக்குப் பாதுகாப்பு வேண்டுமென எண்ணினார். மறவர் தலைவரான சடைக்கன் என்பாரைச் சேதுபதியாக ஏற்று, அப்பகுதியின் காவலை அவரிடம் ஒப்படைத்தார். தொடக்கத்தில் போகலூர் அவர்களது தலைமையிடமாக இருந்தது. இவ்வாறு ஒரு குறுநில மரபு நாயக்கப் பேரரசின் நிழலில் வேரூன்றியது.

சிறையும் விடுதலையும்

நிழல் தரும் மரமே சிலவேளை வளர்ச்சியைத் தடுப்பதும் உண்டு. தளவாய் சேதுபதியின் காலத்தில் அரசுரிமைப் பூசல் எழுந்தது. மதுரையின் திருமலை நாயக்கர் அவருக்கு எதிரான தரப்பை ஆதரித்துத் தம் தளபதி இராமப்பய்யனைப் பெரும்படையுடன் அனுப்பினார். சேதுபதி தீவுக்குள் ஒதுங்கினார். கடலே அவருக்கு அகழியாயிற்று. நாயக்கர் படை கடலுக்குக் குறுக்கே அணையிட்டுத் தீவை அடைந்த செய்தியை ‘இராமப்பய்யன் அம்மானை’ என்னும் கதைப்பாடல் விரித்துரைக்கிறது. போரின் முடிவில் சேதுபதி சிறைப்பட்டு மதுரைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

வெற்றி கிட்டியபின் மதுரைக்குப் புதியதொரு சிக்கல் தோன்றியது. காவலர் இல்லாத வழியில் பயணிகள் துன்புற்றனர். நாட்டில் அமைதி குலைந்தது. நாயக்கர் அமர்த்திய தலைவரால் அதனைச் சீர்செய்ய இயலவில்லை. இறுதியில் திருமலை நாயக்கர் தாம் சிறையிட்ட சேதுபதியையே விடுவித்து, மீண்டும் காவற்பொறுப்பில் அமர்த்தினார். படையால் தோற்ற ஒருவரைக் கடமை மீட்டுக்கொடுத்தது. சிறிய மரபின் வலிமை படைப்பெருக்கில் அன்று, பிறரால் ஈடுசெய்யமுடியாத பணியில் இருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அடுத்து வந்த திருமலை சேதுபதி என்னும் இரகுநாத சேதுபதி, மைசூர்ப் படை மதுரையைத் தாக்கியபோது முதுமையில் இருந்த நாயக்கருக்குத் துணைநின்றார். அதற்கு நன்றியாக அவர் செலுத்தவேண்டிய திறைப்பணம் நீக்கப்பட்டது.

பெரியோர் நடுவே ஒரு சிற்றரசு

சேதுபதிகளுள் பெரும்புகழ் பெற்றவர் கிழவன் சேதுபதி. தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றிக் கோட்டையை வலுப்படுத்தியவர் இவரே. 1702ஆம் ஆண்டு இராணி மங்கம்மாள் அனுப்பிய படையை வென்று, மதுரையின் மேலாண்மையிலிருந்து விடுபட்டார். கீழக்கரை வணிகரும் வள்ளலுமாகிய சீதக்காதி இவருடைய நெருங்கிய நண்பர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் வழக்கு இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது. அதேவேளை, கிறித்தவத் துறவி அருளானந்தர் 1693ஆம் ஆண்டு ஓரியூரில் கொல்லப்பட்டதும் இவர் ஆட்சியில்தான். ஒரே ஆட்சியில் நட்பும் கடுமையும் அருகருகே இருந்தன.

1710ஆம் ஆண்டு கிழவன் சேதுபதி மறைந்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அரசுரிமைப் பூசலால் நாடு ஐந்து கூறாகப் பகுக்கப்பட்டது. மூன்று கூறு இராமநாதபுரத்திற்கும், இரண்டு கூறு சசிவர்ணத் தேவரின் கீழ் உருவான சிவகங்கைக்கும் உரியவாயின. பிற்காலத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துநின்ற சிவகங்கை அரசி வேலுநாச்சியார், இராமநாதபுரம் அரசமரபில் பிறந்தவர்.

இதனிடையே பேரரசுகள் மாறின. நாயக்கர் ஆட்சி மறைந்தது. ஆர்க்காடு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் மேலெழுந்தனர். திருவல்லிக்கேணியை ஒட்டிய சேப்பாக்கத்தில் நவாப் முகமது அலி வாலாஜா 1768ஆம் ஆண்டளவில் அரண்மனை அமைத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1772இல், நவாபின் படையும் கம்பெனிப் படையும் இணைந்து இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றின. இளஞ்சிறுவராக இருந்த முத்துராமலிங்க சேதுபதியும் அவருடைய தாயார் முத்துத்திருவாயி நாச்சியாரும் திருச்சிராப்பள்ளியில் சிறைவைக்கப்பட்டனர்.

பின்னர் விடுதலைபெற்று ஆட்சிக்கு வந்த முத்துராமலிங்க சேதுபதி, கம்பெனியின் தலையீட்டுக்கு இணங்கவில்லை. 1795ஆம் ஆண்டு அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு மீண்டும் சிறைப்பட்டார். சென்னையில் கைதியாகவே 1809ஆம் ஆண்டு மறைந்தார். 1803ஆம் ஆண்டிலேயே நாடு சமீன் ஆக்கப்பட்டுவிட்டது. முன்பு சிறையிட்ட நாயக்கர், வழிக்காவலுக்காகச் சேதுபதியைத் திருப்பி அனுப்பினார். கம்பெனிக்கோ அத்தேவை எழவில்லை. வரியைத் தண்டுவதற்கும் வழியைக் காப்பதற்கும் அதனிடம் சொந்த ஆட்களும் சட்டங்களும் இருந்தன. கடமை வேறு கைக்கு மாறியதும் பட்டம் பெயரளவில் நின்றது.

கல்லும் சொல்லும்

சேதுபதிகள் விட்டுச்சென்றவற்றுள் கண்ணுக்குப் புலனாவது இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் திருச்சுற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் நிறைவுற்ற இந்நெடுந்திருச்சுற்றில் 1212 தூண்கள் உள்ளன என்பர். கோயிலோடு பணி நின்றுவிடவில்லை. பயணிகள் வரும் வழியெங்கும் சத்திரங்கள் எழுந்தன. அவற்றின் செலவுக்கு ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. ஏர்வாடித் தர்கா முதலிய பிற சமய நிறுவனங்களுக்கும் அம்மரபினர் நிலக்கொடை வழங்கினர். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள் அக்காலப் போரையும் அரசவையையும் இன்றும் காட்டுகின்றன.

தமிழுக்கும் அவ்வரசவை தாயகமாயிற்று. திருமலை சேதுபதியைத் தலைவராகக்கொண்டு அமிர்த கவிராயர் பாடிய ‘ஒருதுறைக் கோவை’, ஒரே அகத்துறையை நானூறு பாடல்களில் பாடிய அரிய நூல். பின்னாளில் அரசமரபினரான பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர், பாஸ்கர சேதுபதியின் துணையுடன் 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழ் அடுத்த ஆண்டு வெளிவந்தது. வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கும் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். கடல்வழியைக் காத்த மரபினர் ஒருவர் கடல்வணிக உரிமைக்காகவும் துணைநின்றது பொருத்தமே.

1904ஆம் ஆண்டு பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணிபுரிந்த மதுரைப் பள்ளி, சேதுபதியின் பெயரைத் தாங்கியது. அவர் தம் இறுதிநாள்களைக் கழித்தது திருவல்லிக்கேணியில்.

> தெரிந்து தெளிவோம்
> கடலின் மறுகரையிலும் சேதுவைத் தம் அடையாளமாகக் கொண்ட அரசமரபு ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் ‘சேது’ என்னும் சொல்லைப் பொறித்தனர். 1619ஆம் ஆண்டு போர்த்துகீசியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதோடு அவ்வரசு முடிவுற்றது.

கொடையும் கடனும்

பாஸ்கர சேதுபதி 1868இல் பிறந்து 1903இல் மறைந்தவர். ஆங்கிலக் கல்வியும் தமிழ்ப்புலமையும் உடையவர். விவேகானந்தரை அமெரிக்கா செல்லுமாறு ஊக்கியவர்களுள் ஒருவர். அப்பயணத்திற்குப் பொருள் திரட்டியவர்களுள் முதன்மையானவர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். அவர் வீடுவீடாகச் சென்று நன்கொடை பெற்றார். ஒரு பக்கம் அரண்மனையும் மறுபக்கம் நடுத்தர வீடுகளின் சிறுசேமிப்பும் ஒரே பணியில் கைகோத்தன.

மன்னரின் கொடைக்கு எல்லையில்லை. ஆனால், சமீனின் வருவாய்க்கு எல்லை இருந்தது. முன்னோர் காலத்தில் கொடைக்கு ஊற்றாக இருந்தவை ஆட்சியுரிமையும் நிலமும். சமீன் முறையில் அரசுக்குரிய தொகையைத் தவறாது செலுத்தவேண்டும். கோயில், சத்திரம், புலவர், மாணவர் எனப் பழைய கடமைகளையும் விடமுடியாது. இவ்விரண்டுக்கும் இடையில் கடன் பெருகியது. சமீன் நிருவாகம் அவர் கையைவிட்டு அகன்றது. முப்பத்தைந்து அகவையில் அவர் மறைந்தபோது, வள்ளல் என்னும் பெயரே பெருஞ்செல்வமாக எஞ்சியது. அதிகாரம் சுருங்கியபின்னும் கடமையைச் சுருக்கிக்கொள்ள மறுத்ததன் விலை அது.

யாருக்குத் திறந்த வழி?

ஒரு மரபைப் போற்றும்போது அதன் குறையையும் காண்பதே நேர்மை. வழியைக் காத்தவர்களின் காலத்தில் கோயில் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. கமுதியில் சேதுபதிகளின் அறங்காவலுக்கு உட்பட்ட கோயிலில் 1897ஆம் ஆண்டு நாடார் சமூகத்தினர் நுழைந்து வழிபட்டனர். அது வழக்காயிற்று. அரசமரபு எதிர்த்தரப்பாக நின்ற அவ்வழக்கில், இலண்டன் பிரிவி கவுன்சில் 1908ஆம் ஆண்டு நுழைவுரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் மக்கள் போராடவேண்டியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும் அதனையொட்டிய சட்டமும் 1939ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தன. தொலைநாட்டுப் பயணிக்கு நிழல் தந்த மரபு, அருகில் வாழ்ந்தோர்க்குக் கதவை அடைத்தது என்னும் முரணை வரலாறு மறைப்பதில்லை.

முடியிலிருந்து வாக்குக்கு

1914ஆம் ஆண்டு பாம்பன் நீரிணையின்மீது இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. பல நாள் நடந்து, தோணிக்குக் காத்திருந்த பயணம் சில மணிநேரமாகச் சுருங்கியது. வழிக்காவல் என்னும் பழைய கடமைக்கு இனி இடமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்முறையும் ஒழிந்தது.

ஆயினும் அம்மரபின் கதை அங்கு முடியவில்லை. குடியரசு இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் சண்முக இராஜேசுவர சேதுபதி மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றார். 1952ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் அமைந்த ஆட்சியில் அமைச்சர் பொறுப்பும் ஏற்றார். அப்போது சென்னைச் சட்டப்பேரவை கூடிய இடம், திருவல்லிக்கேணிக்கு அருகிலுள்ள அரசினர் தோட்டம். நவாபின் அரண்மனை அங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவில் உள்ளது. அவ்வரண்மனைக்குரியவரின் படை ஒருகாலத்தில் சேதுபதி ஒருவரைச் சிறைப்படுத்தியது. அம்மரபில் வந்த ஒருவரை மக்களின் வாக்கு அதே பகுதியில் அவையமரச் செய்தது.

முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கனிடம் ஒப்படைத்தது ஒரு வழியின் காவலை. அக்காவலைச் செய்தவரை மன்னர் என உலகம் ஏற்றது. காவல் பிறர் கைக்கு மாறியபோது பட்டம் மெலிந்தது. பட்டம் என்பது ஒருவர் தலையில் ஏறும் அணி அன்று. அவர் தோளில் ஏறும் பொறுப்பு. சேதுவைக் கடக்கும் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி இதுவே.