ஏறாத சார்ஜ், ஏறும் செலவு

நேரு பிளேஸில் கால் வைத்த மறு நிமிடமே நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். பாட்டரியா, அடாப்டரா, ஸ்கிரீனா? தெற்கு டெல்லியின் இந்தக் கம்ப்யூட்டர் சந்தையில் தோளில் லேப்டாப் பையோடு வருபவர் நோயாளி, எதிரே நிற்பவர்கள் எல்லோரும் டாக்டர்கள். அங்கே அலுக்க அலுக்கக் கேட்கும் புகார் ஒன்று உண்டு. ஒயர் செருகியிருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் 'இணைக்கப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்ற வாசகம் திரையை விட்டு நகர மறுக்கிறது. அவசரக்காரருக்குக் கிடைக்கும் தீர்ப்பு: பாட்டரி போய்விட்டது, புதுசு போடுங்கள். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. சிலருக்கு வீட்டுக்குப் போனதும் அதே வாசகம்.

பாட்டரி பல சமயம் நிரபராதி என்பதுதான் காரணம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அடாப்டர் 19 அல்லது 20 வோல்ட்டாகக் குறைக்கிறது. அது பக்கவாட்டு ஜாக் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. அங்குள்ள சார்ஜிங் சிப், பாட்டரிக்குள் இருக்கும் இன்னொரு சிப்போடு கலந்துபேசி, எவ்வளவு கொடுப்பது, கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் வருவது அந்த ஒரே வாசகம்தான்.

டெல் லேப்டாப்புகளின் உருண்டை முனை அடாப்டரைப் பாருங்கள். நடுவே ஊசி போல ஒரு மெல்லிய பின். லேப்டாப்புக்கான மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. இது இன்ன அடாப்டர், இத்தனை வாட் திறன் என்று அறிமுகம் செய்வதுதான் அதன் வேலை. பின் வளைந்தாலோ, ஒயருக்குள் அந்த மெல்லிய கம்பி அறுந்தாலோ, அடாப்டர் அடையாளச் சிப் இல்லாத மலிவுப் போலியாக இருந்தாலோ லேப்டாப் ஓடும், வேகம் குறையும், பாட்டரிக்கு மட்டும் ஒரு சொட்டு கிடைக்காது. போலிச் சரக்குக்காக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் 'பேர்கெட்ட சந்தைகள்' பட்டியலில் இடம்பிடித்த ஊர்ப் பெருமை நேரு பிளேஸுக்கு உண்டு. அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலையல்ல. டைப்-சி வந்த பிறகு வேறு விதக் குழப்பம்: 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் போன் சார்ஜரைச் செருகிவிட்டு, ஏறவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள்.

சில சமயம் கோளாறே இருப்பதில்லை. பாட்டரியின் ஆயுளைக் காக்க 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி லெனோவா, ஏசஸ் போன்றவற்றில் இருக்கிறது. யாரோ எப்போதோ அதை இயக்கிவிட்டு மறந்திருப்பார்கள். டெல்லியின் மே மாத வெயிலும் ஒரு காரணம். லித்தியம்-அயான் செல்லின் சூடு சுமார் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பது பொது விதி. மெத்தை மேல் வைத்து வேலை பார்க்கும் லேப்டாப் அந்த எல்லையைச் சுலபமாகத் தொடும்.

நல்ல மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை எடுப்பது கடைசியில்தான். முதலில் அதே மாடலின் வேறொரு அடாப்டர். அடுத்து மல்டிமீட்டர். ஜாக்கை லேசாக அசைத்துப் பார்ப்பார். விளக்கு மினுக்கினால் சால்டர் விட்டிருக்கிறது. பிறகு அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பார். மந்திரம் போலத் தோன்றினாலும், குழம்பிய கட்டுப்பாட்டுச் சிப் இதில் தெளிவதுண்டு. அதன் பிறகே விண்டோஸின் பாட்டரி அறிக்கை. புதிதில் 50 வாட்-மணி தாங்கிய பாட்டரி இப்போது 20 தான் தாங்குகிறது என்றால் வாதாட ஒன்றுமில்லை. 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினாலே இவற்றின் திறன் கணிசமாகக் குறைந்துவிடும். கோளாறு மதர்போர்டில் என்றால், நேரு பிளேஸின் திறமைசாலிகள் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் அந்த ஒரு சிப்பை மட்டும் மாற்றுவார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

இவ்வளவு பொறுமை ஏன் அபூர்வம்? பரிசோதனைக்குத் தனியாகப் பணம் தர வாடிக்கையாளருக்கு மனம் வருவதில்லை. கடைக்காரர் பாகம் விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். டச்பேட் மேலெழும்பினால், அடிமூடி பிதுங்கினால், பாட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். அமுக்குவதோ குத்துவதோ தீயை வரவழைக்கும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்பப் பெற்ற சோனி தயாரிப்பு பாட்டரிகள் 41 லட்சம். கழற்றிய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் கூடாது. அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ன் பாட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் தலையில் வைத்திருக்கின்றன. புதியதை விற்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடலாம்.