பழகுநர் இடங்கள் எங்கே? சிமெண்ட் மாவட்டங்களில் ஒப்பந்தமும் சாதியும்

அரியலூர் மாவட்டத்தின் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதன் மேல் ரெட்டிப்பாளையம், தாமரைக்குளம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் எனச் சிமெண்ட் ஆலைகள் எழுந்துள்ளன. பெரம்பலூரில் கல்குவாரிகளும் நாரணமங்கலத்து டயர் ஆலையும் எறையூர் சிப்காட் காலணிப் பூங்காவும் இருக்கின்றன. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 2024 நவம்பரில் இன்னொரு காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, 15,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகளில் வேலைகளின் எண்ணிக்கை தவறாமல் இடம்பெறும். அவற்றில் எத்தனை கைத்திறன் வேலைகள், அத்திறனை யார் யாருக்குக் கற்றுத் தரப்போகிறார்கள் என்ற விவரம் இடம்பெறுவதில்லை.

இக்கேள்வி நமக்கு ஏன் முதன்மையானது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே விடை தரும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காடு. பெரம்பலூரில் 30 விழுக்காட்டுக்கும் மேல். அரியலூரிலும் மாநிலச் சராசரியைவிட அதிகம். ஆலைக்கு நிலம் கொடுத்தவருக்கு வேலை என்னும் வழக்கமான பேரத்தில் பட்டா உள்ளவர் மட்டுமே பேச முடிகிறது. அதே நிலத்தில் தலைமுறையாகக் களையெடுத்தும் கதிரறுத்தும் வாழ்ந்த சேரிக் குடும்பத்துக்குப் பட்டாவும் இல்லை, பேரமும் இல்லை. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் அது 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்றது. திட்டத்தால் வேலை உருவாகுமானால், தக்க திறன் பயிற்சி அளித்துக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவதை மறுவாழ்வு உரிமைகளுள் ஒன்றாக அதன் இரண்டாம் அட்டவணை வைத்தது. ஆனால் நிறுவனம் உரிமையாளரிடம் நேரடியாக விலைபேசி வாங்கும்போது இக்கடமை பெரும்பாலும் எழுவதே இல்லை.

ஆகவே நிலத்தின் வழியாக அன்றி, தொழிலின் வழியாக எழும் உரிமை ஒன்றை நாம் அறிந்துகொள்ள வேண்டியுள்ளது. அது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். 'அப்ரண்டிஸ்' என்றால்தான் ஊரில் விளங்கும்.

2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஆள்பலம் என்பது நிரந்தரத் தொழிலாளர் மட்டுமல்ல. 2014 திருத்தம் 'தொழிலாளர்' என்ற சொல்லுக்குத் தந்த பொருளில், ஒப்பந்ததாரர் மூலமாக வந்து அவ்வளாகத்தில் வேலை செய்பவரும் அடக்கம். பேச்சுக்காக, 400 நிரந்தரத் தொழிலாளரும் 600 ஒப்பந்தத் தொழிலாளரும் கொண்ட ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். நிரந்தரத் தொழிலாளரை மட்டும் எண்ணினால் குறைந்தபட்சம் 10 பழகுநர். சட்டப்படி எண்ணினால் 25. மூட்டை தூக்கவும் சூளை துப்புரவுக்கும் ஒப்பந்ததாரர் கூட்டிவரும் நம் மக்களின் தலைகள், இந்தக் கணக்கில் நம் பிள்ளைகளின் பயிற்சி இடங்களைக் கூட்டுகின்றன. இதை அறிந்த இளைஞர் எத்தனை பேர்?

சரி, நிறுவனம் எடுக்காவிட்டால்? 2014 வரை சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை என்ற வாசகம் இருந்தது. அதை நீக்கிவிட்டு, நிரப்பப்படாத ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதம் மாதந்தோறும் 500 ரூபாய், பின்னர் மாதந்தோறும் 1,000 ரூபாய் என்று தண்டம் மட்டும் வைத்தார்கள். மேற்சொன்ன ஆலை 25 இடங்களையும் ஓராண்டு முழுவதும் காலியாக வைத்தால் தண்டம் 2,62,500 ரூபாய். 2019 விதிகளின்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கான மாத உதவித்தொகை 7,000 ரூபாய். அந்தக் கணக்கில் 25 பேருக்கும் ஓராண்டுக்குத் தர வேண்டியது 21 லட்சம். மத்திய அரசின் திட்டம் ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் வரை ஏற்கிறது. அதைக் கழித்தாலும் 16,50,000. சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது ஆறு மடங்கு மலிவு. 2025 மே மாதத்தில் மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் உதவித்தொகையை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது; தண்டத்தை அப்படியே விட்டு உதவித்தொகையை மட்டும் உயர்த்தினால் இந்த இடைவெளி இன்னும் அகலும். போதாக்குறைக்கு, 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைக்கப்பட்ட ஜன் விஸ்வாஸ் மசோதா, முதல்முறை மீறலை எச்சரிக்கையோடு விடும் சட்டங்களின் பட்டியலில் இச்சட்டத்தையும் சேர்க்க முன்மொழிந்தது.

இட ஒதுக்கீடு இச்சட்டத்தில் உண்டா என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. உண்டு. 1973இல் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு, பழகுநர் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது; 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கீடு வந்தது. தனியார் துறையில் ஒதுக்கீடு கூடாது, அது தகுதியைக் கெடுக்கும் என்று இன்றும் வாதிடுவோர், தனியார் ஆலைகளையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒதுக்கீடு அரை நூற்றாண்டாகச் சட்டப் புத்தகத்தில் இருப்பதை அறிந்தார்களோ என்னவோ! அது ஓசையின்றி இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் அது காகிதத்தில் இருப்பதுதான்.

அந்தக் காகிதத்திலும் மூன்று ஓட்டைகளைக் காண்கிறோம். ஒதுக்கீட்டின் அளவு மாநில மக்கள்தொகையை ஒட்டியது. பெரம்பலூரில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் மக்களுக்கும் மாநிலச் சராசரிதான் அளவுகோல். அடுத்து, தகுதியான பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை என்றால் அவ்விடத்தைப் பிறரைக் கொண்டு நிரப்பலாம் என்று விதி கூறுகிறது. 'கிடைக்கவில்லை' என்று எழுதுபவர் அந்நிறுவனமே. மூன்றாவது ஓட்டைதான் ஆழமானது. 3ஏ பிரிவு பேசுவது அரசு அறிவித்த 'குறிப்பிடப்பட்ட தொழிற்பிரிவுகள்' பற்றி. 2014 திருத்தமோ, நிறுவனமே வகுத்துக்கொள்ளும் 'விருப்பத் தொழிற்பிரிவு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதைப் பற்றி 3ஏ வாய் திறக்கவில்லை. பழகுநர்களை இந்தப் பிரிவுக்கு நகர்த்த நகர்த்த, ஒதுக்கீட்டின் சொற்கள் எட்டாத இடத்துக்கு அவர்கள் போய்விடுகிறார்கள்.

எந்தத் தொழிற்பிரிவில் யார் என்பதே நம் கேள்வியின் மையம். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தலித் இரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் விளக்கினார். தண்டவாளக் கூலியாகச் சேரும் தலித் கடைசிவரை கூலியாகவே இருக்கிறார். நிலைய அதிகாரியின் வீட்டுக்குள் நுழைய வேண்டிவரும் என்பதால் போர்ட்டராகக்கூட ஆக முடிவதில்லை. பட்டறைகளில் மெக்கானிக் வேலை எட்டுவதில்லை. பருத்தி ஆலைகளில் நெசவுப் பிரிவின் கதவு சாத்தியே கிடக்கிறது என்று எடுத்துக்காட்டினார். இன்றைய சிமெண்ட் ஆலையில் கட்டுப்பாட்டு அறை, மின்பிரிவு, கருவிப் பராமரிப்பு என்பவை ஒரு பக்கம். மூட்டையேற்றம், தூசி அள்ளுதல், சூளை துப்புரவு என்பவை மறுபக்கம். பழகுநர் பயிற்சி என்பது இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும் கதவு. அண்ணன் ஃபிட்டரானால் தம்பிக்கும், மேஸ்திரிக்குத் தெரிந்தவர் மகனுக்கும் அது திறக்கிறது.

இதே நிலை கறுப்பின மக்களுக்கு இருந்ததால்தான், அமெரிக்க அரசு 1969இல் 'பிலடெல்பியா திட்டம்' என்பதைக் கொண்டுவந்தது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போன இரும்புக்கட்டு, குழாய்ப் பொருத்து, மின்பணி போன்ற கட்டுமானத் தொழில்களில் எத்தனை சிறுபான்மையினரைச் சேர்ப்போம் என்ற இலக்கை, அரசுப் பணத்தில் கட்டும் ஒப்பந்ததாரர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தென்னாப்பிரிக்காவும் 2013இல் பொதுக் கட்டுமான ஒப்பந்தங்களின் மதிப்போடு திறன் பயிற்சிக் கடமையை இணைத்தது. பொதுப் பணம் செலவாகும் இடத்தில் கைத்திறனும் பொதுவாக வேண்டும் என்பதே இரண்டின் அடிப்படை.

நம் நாட்டு ஒப்பந்தங்களில் அப்படி எதுவும் இல்லையா? இருக்கிறது என்பதுதான் வியப்பு. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில், தொழிற்பழகுநர் சட்டத்தை மீறும் ஒப்பந்ததாரரின் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம் என்ற விதி உண்டு. இரயில்வே ஒப்பந்தங்களிலோ, துணை ஒப்பந்ததாரர் செய்யும் மீறலும் முதன்மை ஒப்பந்ததாரரையே சாரும். பொதுப்பணித் துறை இன்னும் ஒரு படி மேலே சென்று, திறன் தொழிலாளரில் குறைந்தது 20 விழுக்காட்டினர் பயிற்சிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும், இல்லையேல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மாதத்துக்கு அது 3,000 ரூபாய். பழகுநர் சட்டத்தின் தண்டத்தைவிடக் கடுமை. ஒப்பந்தப்புள்ளி விடும் துறை மனம்வைத்தால், நாடாளுமன்றத்தைவிட உறுதியாக ஒப்பந்ததாரரின் கையைப் பிடிக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. ஆனால் இவ்விதிகளில் எங்கும் சாதி என்ற சொல் இல்லை. சான்று பெற்ற 20 விழுக்காட்டினரில் தலித்துகள் எத்தனை பேர் என்று கேட்க அவற்றில் இடமில்லை.

பணம் இல்லை என்ற பேச்சை இம்மாவட்டங்களில் ஏற்க இயலாது. 2015 சுரங்கச் சட்டத் திருத்தத்தின்படி, பழைய குத்தகைக்காரர் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். அந்நிதியில் முன்னுரிமைச் செலவுகளாகச் சொல்லப்பட்டவற்றுள் திறன் மேம்பாடும் ஒன்று. சமூகப் பொறுப்பு நிதியில் சில வாரத் தையல் வகுப்பு நடத்தி நிழற்படம் வெளியிடுவது வேறு, பழகுநர் கடமை வேறு. சட்டக் கடமையை நிறைவேற்றும் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுதக்கூடாது என்று 2021 விதித்திருத்தமே தெளிவாக்கிவிட்டது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பழகுநர் என்பவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் அல்லர். 18ஆம் பிரிவு அவரைத் தொழிலாளர் சட்டங்களுக்கு வெளியே நிறுத்துகிறது. 22ஆம் பிரிவு, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை நிறுவனத்தின் மேல் சுமத்தவில்லை. எனவே குறைந்த தொகைக்கு ஓராண்டு உழைப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, அடுத்த அணியை எடுக்கும் வாய்ப்பும் இதில் உள்ளது. பாதுகாப்பும் விபத்து இழப்பீடும் பழகுநருக்கு உண்டு என்பதையும், தேர்வு எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு என்பதையும் அறியாதவரிடம் இது எளிதாக நடக்கும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாமல் 'ட்ரெயினி' என்ற பெயரில் மட்டும் வைத்திருந்தால், அவர் இச்சட்டத்தின் பழகுநரும் அல்லர். அப்போது அவர் குறைந்தபட்சக் கூலிக்கு உரிமையுள்ள தொழிலாளர் என்று வாதிட வேண்டும்.

அரியலூர், ஆண்டிமடம், பெரம்பலூர், ஆலத்தூர் அரசு ஐ.டி.ஐ.களில் படிக்கும் மாணவரோடு சேர்ந்து செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்பலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் நிறுவனமானால் அது மத்திய அரசின் வரம்புக்குள் வரும். அப்போது மனு சென்னையிலுள்ள மண்டலத் திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவோர் இயக்ககத்துக்குப் போக வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் திரும்பி வரும் மனுக்களால் மாதங்கள் வீணாகும். கேட்க வேண்டியவை: மாவட்டத்தில் 30 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் எவை, ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்த்து ஒவ்வொன்றும் காட்டிய ஆள்பலம் எவ்வளவு, கடந்த மூன்றாண்டுகளில் எடுத்த பழகுநர், தொழிற்பிரிவு வாரியாக, சமூகப் பிரிவு வாரியாக எத்தனை பேர், பட்டியல் சாதி விண்ணப்பதாரர் 'கிடைக்கவில்லை' என்று பிறரைக் கொண்டு நிரப்பிய இடங்கள் எத்தனை, 30ஆம் பிரிவின்கீழ் அனுப்பிய அறிவிப்புகள் எத்தனை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். பதில் வந்தால், அதில் ஆலை காட்டியுள்ள ஆள்பலத்தை வாயிலில் நாள்தோறும் நுழையும் ஒப்பந்தத் தொழிலாளரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.