முலாமின் வன்மையை அளத்தல்

உருக்கின்மேல் இட்ட குரோமிய முலாமின் வன்மையை எவ்வாறு அறிவது? கூரிய வைரமொன்றைக் குறித்த பாரத்துடன் அதில் அழுத்தி, பதிந்த வடுவை நுணுக்குக்காட்டியால் அளப்பர். வடு சிறிதாயின் வன்மை பெரிது.

பாரம் மிகுந்தால் அடியிலுள்ள உருக்கும் நெகிழும். அப்போது கிடைக்கும் எண் முலாமுக்கு மட்டும் உரியதன்று. நல்ல முலாமும் மென்மையானதெனத் தள்ளப்படும். ஆதலின், வடுவின் ஆழம் முலாமின் தடிப்பில் பத்திலொரு பங்கை மிஞ்சலாகாது என்பது பொதுவிதி.

0.03 மில்லிமீற்றர் தடிப்புள்ள முலாமில் வைரம் 0.003 மில்லிமீற்றரே இறங்கலாம். இத்துணை நுண்ணிய வடுவை அளப்பது எங்ஙனம்? 1939இல் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தைச் சேர்ந்த நூப் என்பவரும் உடனாய்வாளரும் நீண்ட கூம்பக வடிவில் வைரமுனையொன்றை அமைத்தனர். அது பதிக்கும் வடு, ஆழத்தைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு நீளமுடையது. அந்நீளத்தை அளத்தல் எளிது.

வன்மை எண்ணைக் கூறுவோர் அழுத்திய பாரத்தையும் கூறல் வேண்டும். பாரம் கூறாத எண்ணை நம்பி முலாமை ஏற்பதும் தள்ளுவதும் தகாது.